சுங்கச் சாவடி உண்டு, சாவடி எங்கே?

'சாவடி' என்ற சொல்லுக்கு நமது பாட்டன்மார் கொண்டிருந்த பொருள் ஒன்று. இன்றைய சர்க்கார் கொண்டிருக்கும் பொருள் வேறொன்று. வெயிலில் நடந்து வந்தவன் மூட்டையை இறக்கி வைத்து, கால் நீட்டிப் படுத்து, பொழுது சாய்ந்ததும் எழுந்து போவதற்காக இருந்த இடம் அன்றைய சாவடி. வண்டியை மறித்து, பணத்தை வாங்கிக்கொண்டு, 'நிற்காதே, நகரு' என்று விரட்டும் இடம் இன்றைய சாவடி. சேலத்திலிருந்து வடக்கே போனால் ஓமலூர் சுங்கச் சாவடி. தெற்கே நாமக்கல் பக்கம் போனால் ராசம்பாளையம். மேற்கே சங்ககிரி மார்க்கத்தில் வைகுந்தம். கிழக்கே ஆத்தூர் சாலையில் மேட்டுப்பட்டி, அதைத் தாண்டினால் நத்தக்கரை. எந்தத் திசையில் புறப்பட்டாலும் கப்பம் கட்டாமல் ஒரு லாரி இந்தச் சமவெளியை விட்டு வெளியே போக முடியாது. ஆனால் இதே சாலைகளை ஒட்டி, முள்ளுக்குள்ளும் பள்ளத்துக்குள்ளும் கிடக்கும் பழைய கல் மண்டபங்களைக் கேட்பதற்கு நாதி இல்லை.

அந்த மண்டபங்களைப் பார்த்திருக்கிறீர்கள். வரிசையாகக் கல் தூண்கள். தூண் தலையில் பொதிகை. அதன்மேல் உத்தரக் கல். உத்தரத்தின்மேல் பலகைக் கல். பல மண்டபங்களுக்குச் சுவர் இல்லை. கதவு இல்லவே இல்லை. பக்கத்தில் ஒரு கிணறோ குட்டையோ, ஒரு புளியமரமோ ஆலமரமோ இருக்கும். சில இடங்களில் சற்றுத் தள்ளி ஒரு சுமைதாங்கிக் கல். இரண்டு கல்லை நட்டு, ஆள் உயரத்துக்குக் கொஞ்சம் குறைவாக மூன்றாவது கல்லைக் குறுக்கே போட்டிருப்பார்கள். தலைச்சுமைக்காரி வேறொருவர் கைகொடுக்க வேண்டிய அவசியமின்றித் தானே சுமையை இறக்கி, தானே ஏற்றிக்கொள்ள அந்த உயரம். வயிற்றில் பிள்ளையோடு இறந்துபோன பெண்ணின் நினைவாக அவள் வீட்டார் அதை நட்டார்கள். இறக்கி வைக்க முடியாத சுமையோடு செத்தவளுக்கு, பிறர் சுமையை இறக்கி வைக்கும் கல். நமது ஏழை ஜனங்கள் துக்கத்தைக்கூட ஊருக்கு உபயோகமான காரியமாக ஆக்கினார்கள்!

இன்று அவற்றின் கதி என்ன? சாலையை உயர்த்திக்கொண்டே போனதில் மண்டபம் பள்ளத்தில் இறங்கிவிட்டது. பலகைக் கல்லின் இடுக்கில் அரசங்கன்று வேர்விட்டு உத்தரத்தை நெம்புகிறது. புதையல் ஆசை பிடித்தவர்கள் தளத்தைப் பெயர்த்துவிட்டார்கள். நான்குவழிச் சாலை வந்தபோது இருபுறமும் நின்ற புளியமரங்கள் விழுந்தன. மரத்துக்குக் கணக்கு எழுதினார்கள், ஏலம் விட்டார்கள். நிழலுக்கு யார் கணக்கு எழுதினார்கள்? சேலம் நாமக்கல் சாலையில் புதுச்சத்திரம் என்று ஒரு ஊர் இருக்கிறது, ஊராட்சி ஒன்றியத்துக்கே அதுதான் பெயர். ஒரு காலத்தில் அங்கே ஒரு சத்திரம் எவ்வளவு முக்கியமாக இருந்திருந்தால் ஊருக்கே அந்தப் பெயர் நிலைத்திருக்கும்! இன்று அந்த ஊரை நூறு கிலோமீட்டர் வேகத்தில் கடந்து போகிறவன் பெயர்ப் பலகையைக்கூடப் படிப்பதில்லை.

சர்க்காருக்குப் பழைய கல்லின்மேல் அக்கறையே இல்லை என்று சொல்லமாட்டோம். அக்கறை உண்டு, எந்தக் கல் என்பதுதான் விஷயம். நாமக்கல் கோட்டைக்குப் பாதுகாப்பு உண்டு. சங்ககிரிக் கோட்டைக்குப் பாதுகாப்பு உண்டு. 1958-ஆம் ஆண்டு மத்திய சட்டம், 1966-ஆம் ஆண்டு மாநிலச் சட்டம், 2012-ல் மரபுச் சின்ன ஆணையச் சட்டம் என்று சட்டங்களும் அடுக்கடுக்காக உண்டு. கோட்டைகளைக் காக்க வேண்டியதுதான்; அதில் நமக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் பீரங்கி வைத்திருந்தவன் கட்டிய சுவர் சரித்திரச் சின்னம் என்றால், மூட்டை சுமந்தவன் படுத்த திண்ணை சரித்திரம் இல்லையா? வழிப்போக்கர் மண்டபங்களில் மிகப் பெரும்பாலானவை எந்தப் பட்டியலிலும் இல்லை. பட்டியலில் இல்லாததால் நெடுஞ்சாலைக் கணக்கில் அவை வெறும் இடைஞ்சல்.

கல்லில் வெட்டிய தூரம்

இந்தப் பாதைகள் வெள்ளைக்காரன் போட்டவை என்று நினைக்கிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். தருமபுரிப் பக்கம் கிடைத்த அதியமான் பெருவழிக் கல்லைப் போய்ப் பார்க்கட்டும். (1965 வரை அது சேலம் ஜில்லாதான்.) 13-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த அந்த மைல்கல், நாவல் தாவளம் என்ற இடத்துக்கு 29 காதம் என்று சொல்லுகிறது. தாவளம் என்றால் என்ன? வணிகக் கூட்டத்தார் வண்டியை அவிழ்த்து விட்டுத் தங்கும் இடம். அந்தக் கல் வழிப்போக்கனுக்குக் காட்டியது அரசனின் அரண்மனையை அல்ல, தங்குமிடத்தை! அதோடு எழுத்தை மட்டும் வெட்டி நிறுத்திக்கொள்ளவில்லை. தூரத்தைக் குழிகளாகவும் குடைந்து வைத்தார்கள். எழுதப் படிக்கத் தெரியாத மாட்டு வண்டிக்காரன் விரலால் தடவிப் பார்த்தே தூரத்தைத் தெரிந்துகொள்ளலாம். ஆறகளூரிலும் அதே காலத்துக் கல் ஒன்று, மகதேசன் பெருவழி என்ற பெயரோடு காஞ்சிபுரத்துக்கு வழி சொல்லுகிறது. சுங்கச் சாவடியில் எழுதி வைத்திருக்கும் கட்டண விவரத்தையும் விதிவிலக்கு விவரத்தையும் ஒரு பட்டதாரி வாசித்துப் புரிந்துகொள்வதற்குள் பின்னால் இருக்கும் வண்டிக்காரன் ஹாரன் அடித்துக் கொன்றுவிடுவான்.

அன்றும் சுங்கம் இருந்தது. இல்லையென்று நாம் சொல்லவில்லை. முதலாம் குலோத்துங்கனுக்குச் 'சுங்கம் தவிர்த்த சோழன்' என்று பெயர் வந்தது என்றால், அதற்கு முன்பு ஜனங்கள் சுங்கத்தால் எவ்வளவு அவதிப்பட்டிருக்க வேண்டும்! ராஜாக்களைத் தூக்கிப் பிடிப்பது நமது வேலை அல்ல. மண்டபமும் சத்திரமும் ராஜாவின் கருணை, செட்டியாரின் தர்மம், ஜமீன்தாரின் புண்ணியம் என்று பஜனை பாடுகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கல்லை உடைத்தவன் ஒட்டன். இழுத்து வந்தது குடியானவனின் மாடு. சத்திரத்துக்கு விட்ட மான்ய நிலத்தில் உழுதவன் பண்ணையாள். கல்வெட்டில் பெயர் மட்டும் கொடுத்தவருடையது. அந்த மண்டபத்தின் நிழலிலாவது இவர்கள் எல்லோரும் உட்கார முடிந்ததா? தாழ்த்தப்பட்ட ஜனங்களை உள்ளே விடாமல் மரத்தடிக்குத் துரத்திய சத்திரங்கள் எத்தனை! ஒரு ஜாதிக்கு மட்டும் சோறு போட்ட சத்திரங்கள் எத்தனை! தஞ்சை மன்னர் இரண்டாம் சரபோஜி 1801-ல் கும்பினி ரெசிடெண்ட் டோரினுக்கு எழுதிய கடிதத்தில், தமது சத்திரங்களில் பார்ப்பனர் முதல் தாழ்த்தப்பட்டோர் வரை எல்லா வழிப்போக்கருக்கும் உணவு உண்டு, நோயாளிக்கு வைத்தியம் உண்டு, பிள்ளைப்பேற்றுக்கு உதவி உண்டு என்றெல்லாம் விவரித்து, அந்த மான்யங்களில் கை வைக்கவேண்டாம் என்று மன்றாடினார். மன்றாட வேண்டிய நிலை ஏன் வந்தது? கும்பினியின் கண் சத்திரத்து நிலத்தின்மேல் விழுந்திருந்தது.

சேலம் கும்பினியிடம் சிக்கியது அதற்கும் முன்பு. 1792 ஸ்ரீரங்கப்பட்டணம் உடன்படிக்கையில் திப்புவிடமிருந்து பாராமகாலும் சேலமும் பறிக்கப்பட்டன. அலெக்சாண்டர் ரீடும் அவருடைய உதவியாளர் தாமஸ் மன்றோவும் இங்கே வந்து நிலத்தை அங்குலம் அங்குலமாக அளந்தார்கள். ரயத்துவாரி என்ற வரி ஏற்பாடு பிறந்ததே இந்த மண்ணில்தான். அளந்தது வரிக்காக. ஆனால் வரி வாங்குகிறவனுக்கு ஒரு கடமையும் உண்டு என்பதைக் கும்பினியால்கூட மறுக்க முடியவில்லை. சென்னை ராஜதானியின் 1817-ஆம் ஆண்டு 7-ஆம் ரெகுலேஷன், பாலங்களையும் சத்திரங்களையும் சாவடிகளையும் பராமரித்து மராமத்து செய்வதை ரெவினியூ போர்டின் பொறுப்பில் வைத்தது. தயவுசெய்து இதைக் கவனியுங்கள்: இரு நூற்றாண்டுகளுக்கு முன்பு, கொள்ளைக்கார அன்னிய ஆட்சி, சத்திரத்தை மராமத்து செய்வது தன் கடமை என்று சட்டப் புத்தகத்தில் எழுதி வைத்தது. செய்தார்களா என்பது வேறு. நமது சொந்த சர்க்கார் அதை எழுதக்கூடத் தயாராக இல்லை.

1858-ல் இனாம் கமிஷன் வந்தது. கோயில், மசூதி, சத்திரம், தண்ணீர்ப் பந்தல் என்று எந்தத் தர்மத்துக்கு எந்தச் சர்வே நம்பரில் எத்தனை ஏக்கர் மான்யம் என்று ஊர்வாரியாகப் பதிவு செய்தார்கள். இனாம் பேர் ரிஜிஸ்தர் என்று அதற்குப் பெயர். 1861-ல் சேலத்துக்கு ரயில் வந்தது; மறு ஆண்டில் மேற்குக் கடற்கரை வரை ஓடியது. நடந்து போகிறவர்கள் குறைந்தார்கள். சத்திரங்கள் தாலுகா போர்டு, ஜில்லா போர்டு என்று கை மாறின. 1963-ல் இனாம் ஒழிப்புச் சட்டங்கள் வந்தன. இந்த நூற்றுச் சில்லறை ஆண்டுகளில் சத்திரத்து நிலமும் தண்ணீர்ப் பந்தல் நிலமும் யார் யார் பட்டாவுக்குள் போய் அடங்கின? ரிஜிஸ்தரைத் திறந்தால் தெரிந்துவிடும். திறக்கத்தான் மனம் வரவில்லை. மண்டபம் இடிந்தது மழையால் என்று நினைக்கிறீர்களா? மண்டபத்துக்குச் சோறு போட்ட நிலம் போன அன்றே அது இடிய ஆரம்பித்துவிட்டது.

இதே சாலைகளில் 1876 முதல் 1878 வரை பஞ்சத்தில் அடிபட்ட ஜனங்கள் கூட்டம் கூட்டமாக நடந்தார்கள். ரிச்சர்டு டெம்பிள் என்ற துரை வந்து, நிவாரண வேலையில் நாள் முழுதும் மண் சுமந்தவனுக்கு ஒரு ராத்தல் தானியமும் சில்லறைக் காசும் போதும் என்று தீர்ப்புச் சொன்னான். 1871-ல் சுமார் 19 லட்சத்து 67 ஆயிரமாக இருந்த சேலம் ஜில்லாவின் ஜனத்தொகை, 1881 கணக்கெடுப்பில் சுமார் 16 லட்சமாகக் குறைந்தது. மண்டபத்துத் திண்ணைகளில் கடைசி மூச்சு விட்டவர்கள் எத்தனை பேர் என்று எந்த ரிஜிஸ்தரிலும் இல்லை.

இன்று யார் நடக்கிறார்கள்?

'இப்போது யார் நடக்கிறார்கள்? பஸ் இருக்கிறது, கார் இருக்கிறது. பழைய மண்டபம் எதற்கு?' என்று சிலர் கேட்கிறார்கள். நமது தோழர்களிலேயே சிலர், 'ஆஸ்பத்திரிக்கும் பள்ளிக்கூடத்துக்கும் போராட வேண்டிய நேரத்தில் நிலப்பிரபு காலத்துக் கல்லைக் கட்டிக்கொண்டு அழுவதா?' என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான், பதில் சொல்லுகிறோம்.

நாமக்கல் லாரி ஊர். லாரிக்குக் கூடு கட்டும் பட்டறைகளிலிருந்து சமையல் எரிவாயு டேங்கர் வரை இந்த ஊரின் பிழைப்பு சக்கரத்தின்மேல் இருக்கிறது. இங்கிருந்து புறப்படும் ஓட்டுநர் எங்கே தூங்குகிறார்? வண்டிக்கு அடியில், என்ஜின் சூட்டில், அல்லது ஸ்டீயரிங்குக்குப் பின்னால் ஒரு சாண் பலகையில். 1961-ஆம் ஆண்டு மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் ஒரு நாளைக்கு 8 மணி, வாரத்துக்கு 48 மணி வேலை என்றது. இரவு தங்க வேண்டிய இடத்தில் ஓய்வறை வேண்டும் என்றது. ஐந்து பேருக்குக் குறைவாக வேலைக்கு வைத்தால் அந்தச் சட்டம் பொருந்தாது. ஒரு லாரியைக் கடனுக்கு வாங்கி, தவணை கட்ட முடியாமல் தானும் கிளீனராக ஏறிப் போகும் சிறு உரிமையாளர்கள் நிறைந்த இந்த ஊரில் அந்த ஓய்வறையை யார் கட்டுவார்கள்? அந்தச் சிறு உரிமையாளரைத் திட்டுவதில் அர்த்தமில்லை. அவரும் அதே பலகையில்தான் படுக்கிறார். இப்போது அந்தச் சட்டத்தையும் 2020-ஆம் ஆண்டு சட்டத் தொகுப்புக்குள் கரைத்து, 2025 நவம்பரில் அமலாக்கினார்கள். சட்டத்தின் பெயர் மாறியது, படுக்கை மாறவில்லை. 2024 பிப்ரவரியில் தேசிய நெடுஞ்சாலைகளில் ஓட்டுநர்களுக்கு 1000 ஓய்வு இல்லங்கள் கட்டப்போவதாகப் பிரதமர் அறிவித்தார். காஷ்மீரிலிருந்து கன்னியாகுமரி வரை போகும் 44-ஆம் எண் சாலை ஒன்றே மூவாயிரத்து எழுநூறு கிலோமீட்டருக்கு மேல். தேசமெங்கும் உள்ள தேசிய நெடுஞ்சாலைகளோ ஒரு லட்சத்து நாற்பதாயிரம் கிலோமீட்டருக்கு மேல். கணக்குப் பார்த்துக்கொள்ளுங்கள். சுங்கம் வாங்க மட்டும் அறுபது கிலோமீட்டருக்கு ஒரு சாவடி என்று விதி வகுத்திருக்கிறார்கள்.

நடப்பவர்கள் இல்லையா? 2020 மார்ச்சில் நான்கு மணி நேர அவகாசத்தில் தேசத்தையே பூட்டினார்களே, அப்போது நடந்தவர்கள் யார்? அதே 44-ஆம் எண் சாலையில்தான் வடக்கே கூலி வேலைக்கும் படிப்புக்கும் போன நமது பிள்ளைகள் நாகபுரிப் பக்கத்திலிருந்து நடந்து வந்தார்கள். நாமக்கல்லை நோக்கி நடந்த ஓர் இளைஞர் செகந்திராபாத்தைத் தாண்ட முடியவில்லை. தற்காலிகத் தங்குமிடத்திலே உயிர் போயிற்று. சுங்கச் சாவடிக் கூரைகள் வழியெல்லாம் ஜொலித்துக்கொண்டு நின்றன. ஒரு சொட்டுத் தண்ணீர் வைக்கும் தொட்டி அவற்றில் எத்தனை இடத்தில் இருந்தது?

அந்தப் பெருங்கூட்டம் போய்விட்டது; சின்னக் கூட்டம் எப்போதும் நடந்துகொண்டுதான் இருக்கிறது. நூறு ஆட்டை ஓட்டிக்கொண்டு போகிறவர், கரும்பு வெட்டுக்குப் போகிற குடும்பம், பழனிக்குக் காவடி எடுத்துப் போகிற குடியானவர், ஷிப்டு முடிந்து கடைசி பஸ்ஸைத் தவறவிட்ட மில் பெண்கள். பஸ் நிறுத்தம் என்ற பெயரில் எம்.எல்.ஏ.வின் படத்தோடு கட்டியிருக்கும் தகரக் கொட்டகையில் சித்திரை வெயிலில் அரை நாழிகை நின்று பார்க்கட்டும் அந்தப் பெரிய மனிதர். கல் மண்டபத்தின் கூரைமேல் செங்கல் சல்லியும் சுண்ணாம்பும் ஒரு முழம் கனத்துக்கு இருக்கும். வெயில் இறங்குவதற்குள் சாயங்காலம் ஆகிவிடும்.

சேலத்திலிருந்து சென்னைக்கு எட்டுவழிச் சாலை போட 277 கிலோமீட்டருக்குப் பத்தாயிரம் கோடி ரூபாய் என்று 2018-ல் கிளம்பினார்கள். விவசாயி கிணற்றடியில் கல் நட்டார்கள். மறித்தவர்களைப் போலீஸ் வேனில் ஏற்றினார்கள். 2019 ஏப்ரல் 8-ல் உயர்நீதிமன்றம் அந்த நில எடுப்பை ரத்து செய்தது. 2020 டிசம்பரில் உச்சநீதிமன்றம் புதிதாக நோட்டீஸ் கொடுத்து எடுக்கலாம் என்று கதவைத் திறந்துவிட்டது. கல் நடத் தெரிந்தவர்களுக்கு, ஏற்கெனவே நட்டு நிற்கிற கல்லைத் தூக்கி நிறுத்த மட்டும் காசு இல்லை!

எப்படிப் புதுப்பிப்பது?

புதுப்பிக்கிறோம் என்று வருகிறவர்களிடமும் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். ஒரு கூட்டம் கம்பி வேலி போட்டு, பூட்டுப் போட்டு, விளக்குப் போட்டு, பார்க்கக் காசு வாங்கும். கதவில்லாமல் கட்டிய இடத்துக்குப் பூட்டா? இன்னொரு கூட்டம் ஒரு சிலையை உள்ளே வைத்து, உண்டியலை வைத்து, இன்ன ஜாதிக்கு உரிமையானது என்று போர்டு மாட்டும். அரசியல் சட்டத்தின் 15-ஆம் பிரிவு, சாலைகளும் பொதுஜனங்களுக்கென்று அர்ப்பணிக்கப்பட்ட இடங்களும் எல்லோருக்கும் பொது என்று 1950 ஜனவரி 26 முதல் சொல்லிக்கொண்டிருக்கிறது. (அது அமலுக்கு வந்த 16-வது நாளில் சேலம் சிறைக்குள் 22 தோழர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள், இந்த ஜில்லா அதை மறக்கவில்லை.) பழைய காலத்தில் வாசலிலே நிறுத்தப்பட்டவரின் பேரன் இனி முதலில் போய் நடுத்திண்ணையில் உட்கார வேண்டும். அப்படி உட்கார முடியாத மண்டபத்தைப் புதுப்பிப்பதும் ஒன்று, இடிப்பதும் ஒன்று.

மூன்றாவது கூட்டம் காண்ட்ராக்டர்கள். இவர்களுக்குத் தெரிந்த மராமத்து சிமெண்டுதான். சுண்ணாம்பு போட்ட கூரையில் சிமெண்டைப் பூசினால் ஈரம் வெளியே போக வழியில்லாமல் உள்ளேயே தங்கி, பலகைக் கல்லின் இடுக்கு வழியாகக் கசியும். தூணுக்கு எனாமல் அடித்தால் கல்வெட்டு போய்விடும். மணலைப் பீய்ச்சிச் சுத்தம் செய்து எத்தனை கோயில்களில் எழுத்தை அழித்தார்கள் என்று தெரியாதா? வேலை உண்மையில் இவ்வளவுதான்: அரசங்கன்றை வெட்டினால் போதாது, வேரைக் கொல்ல வேண்டும். சாய்ந்த தூணைச் சுற்றி மண்ணைத் தோண்டி, அஸ்திவாரக் கல்லை மட்டம் பார்த்து, உத்தரத்துக்கு முட்டுக் கொடுத்து நிமிர்த்த வேண்டும். கூரையில் கடுக்காய்த் தண்ணீர் ஊற்றி அரைத்த சுண்ணாம்புச் சாந்து போட்டு, தண்ணீர் வழியச் சரிவு கொடுக்க வேண்டும். இந்த வேலை தெரிந்த கல் தச்சர்களும் கொத்தனார்களும் இன்னும் இருக்கிறார்கள். கருங்கல் குவாரிகளில் சல்லி உடைத்து நுரையீரலைக் கெடுத்துக்கொண்டிருக்கிற தொழிலாளிக்குக் கல்லை ஆக்கும் வேலை கொடுத்து, தச்சனுக்குரிய கூலி கொடு என்கிறோம். கூலியைக் காண்ட்ராக்டர் மூலம் அல்ல, நேராகக் கொடு.

ஒரத்தநாட்டில் சரபோஜி கட்டிய முத்தம்பாள் சத்திரம் பாழடைந்து கிடந்ததைப் பத்திரிகைகள் வருஷக்கணக்காக எழுதின. மதுரையில் ரயிலடிக்கு எதிரே மங்கம்மாள் சத்திரம் இன்றும் நிற்கிறது. அரண்மனைப் பெயர் ஒட்டிக்கொண்ட சத்திரத்துக்கே எழுதி எழுதித்தான் கவனம் கிடைக்கிறது என்றால், பெயரே இல்லாத சேலத்து மண்டபத்துக்கு யார் எழுதுவார்கள்? நாம்தான்.

மே 1-ஆம் தேதி ஊர்தோறும் கிராம சபை கூடுகிறது. அன்று காலையில் கொடி ஏற்றி முடித்ததும் தோழர்கள் நேராகச் சபைக்குப் போக வேண்டும். தங்கள் ஊர் எல்லையில் உள்ள மண்டபம், சுமைதாங்கி, சாவடி, கிணறு, தண்ணீர்த் தொட்டி எல்லாவற்றையும் சர்வே நம்பரோடு எழுதித் தீர்மானம் நிறைவேற்றச் சொல்லுங்கள். இனாம் பேர் ரிஜிஸ்தரின் நகல் கேட்டு, சத்திர மான்யம் இப்போது எவர் அனுபவத்தில் இருக்கிறது என்று பகிரங்கமாக வாசிக்கச் சொல்லுங்கள். நெடுஞ்சாலை இலாகா எந்த மண்டபத்தையும் கிராம சபையின் சம்மதமில்லாமல் தொடக்கூடாது என்றும், தனது எல்லைக்குட்பட்ட சாலையில் வாங்கும் சுங்கத்திலிருந்தே அவற்றின் மராமத்துச் செலவையும், ஓட்டுநருக்குப் படுக்கையும் குளிக்கத் தண்ணீரும் கக்கூஸும் உள்ள புதிய சாவடிகளின் செலவையும் கொடுக்க வேண்டும் என்றும் எழுதுங்கள். மோட்டார் தொழிலாளர் சங்கத்தாரையும் கல் உடைக்கும் தொழிலாளர்களையும் அழைத்து வையுங்கள். தீர்மானத்தின் நகலைக் கலெக்டருக்கு அனுப்பிவிட்டு, இன்னொரு நகலை நமது பத்திரிகைக்கு அனுப்புங்கள். ஊர்ப் பெயரோடு வாரந்தோறும் வெளியிடுவோம்.